கோவில் காட்டில் சருகு எரிப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அய்யனார் கோவில் காட்டைச் சுற்றியுள்ள ஊர்ப் பொதுமக்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: கோவில் காட்டில் சருகு வாரி எரிப்பதையும், மரத்தடியில் சிமெண்ட் தளம் போடுவதையும் நிறுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் அய்யனார் கோவில் காட்டில் வீரையும் காயாவும் உலக்கைப் பாலையும் நாவலும் பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே நிற்கின்றன. சாமி காடு என்பதால் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சுவோம். ஆனால் சில ஆண்டுகளாகத் திருவிழாவுக்கு முன் காட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, சருகு முழுவதையும் வாரிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். இப்போது மரத்தடி வரை சிமெண்ட் தளம் போடவும் பேச்சு நடக்கிறது.

யாரும் உரம் போடாத காடு இது. மண்ணிலிருந்து மரம் எடுத்த சத்தில் கணிசமான பங்கு இலையோடு விழுந்து, மட்கி, மறுபடி வேருக்குப் போயாக வேண்டும். வீரை, பாலை இலைகள் தடித்தவை. அவற்றிலுள்ள லிக்னின் என்னும் கடினப் பொருளைச் சிதைக்கும் வல்லமை பெரும்பாலும் பூஞ்சைகளுக்கே உண்டு. ஐப்பசி மழைக்குப் பின் மேல் சருகை விலக்கினால், அடியிலுள்ள இலைகளை வெள்ளை இழைகள் ஊசிநூலால் தைத்ததுபோல் பிணைத்திருப்பதைக் காணலாம். பூஞ்சை தின்ற இடம் வெளுத்து, விரலால் தொட்டாலே பொடிந்துவிடும். மெல்லிய கறுத்த காம்பில் குட்டிக் குடை விரிக்கும் மராஸ்மியஸ் வகைக் காளான்கள் வெயிலில் சுருங்கிக் கிடந்து, அடுத்த மழையில் மறுபடி விரிகின்றன. கறையான்களோ சருகையும் உளுத்த மரத்தையும் புற்றுக்குள் கொண்டுபோய்ப் பூஞ்சை வளர்க்கின்றன. மழைக்குப் பின் எங்கள் வீட்டுப் பெண்கள் பறித்து வந்து குழம்பு வைக்கும் புற்றுக் காளான் அதிலிருந்து முளைப்பதுதான்.

தீ வைத்தால் இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. எஞ்சும் சாம்பலை மழை அடித்துச் செல்கிறது. விழுந்த விதைகளும் கருகுகின்றன. எரித்த பகுதியில் வீரைக் கன்று ஒன்றைக்கூட நாங்கள் காணவில்லை.

பாம்புக்குப் பயந்துதான் வாருகிறோம் என்கிறார்கள். குழந்தைகளோடு இரவில் வருபவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானதே. எனவே சந்நிதி முன்பும் நடைபாதையிலும் மட்டும் பெருக்கட்டும். பாதைக்கு விளக்கு போட்டுத் தரவும் வேண்டுகிறோம். பெருக்கிய சருகைக் காட்டுக்குள்ளேயே கொட்டிவிடலாம். மற்ற இடங்களில் வாருவதற்கும் எரிப்பதற்கும் தடை விதித்து, தளம் போடும் யோசனையையும் கைவிடச் செய்ய வேண்டுகிறோம்.

மேலும், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எங்கள் காட்டின் மரங்களோடு பூஞ்சைகளையும் சேர்க்க வேண்டும். அவை வெளியே தெரிவது மழைக்காலத்தில்தான் என்பதால் கணக்கெடுப்பை ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால்தான் பயனுண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரகோவில் காடு, 5 ஹெக்டேருக்கும் குறைவான பரப்புடையது, 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் காட்டையும் அவ்வாறு அறிவிக்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

பங்குனித் திருவிழாவுக்கான வேலைகள் மாசியிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்பாக நேரில் பார்வையிட்டு உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்