வாசல் பாண்டியில், படுக்கையறை கோவாவில்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

பாண்டியில் நீ ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் ரூமுக்கு "அட்வான்ஸ் போடாதே, விவரமாக எழுதுகிறேன்" என்று நேற்று ராத்திரி போனில் சொன்னதும் நீ சிரித்தாய். சிரி. எழுதப்போவதைப் படித்துவிட்டு இன்னும் நன்றாகச் சிரிப்பாய். எங்கள் குடும்பத்தைத் தாண்டி யாருக்கும் சொல்லாத கதை இது.

போன டிசம்பரில் மைத்துனன் குடும்பம் பெங்களூரிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் வாரம் பாண்டியில் ரூம் கிடைப்பது உனக்கே தெரியும், பிள்ளையாரே வந்தாலும் வராண்டாதான். கூகுளில் தேடினேன். ஒயிட் டவுனில் ஒரு வீடு. மஞ்சள் சுவர், கேட்டுக்கு மேலே காகிதப்பூ, பக்கத்தில் பிரெஞ்சும் தமிழும் எழுதிய நீலத் தெருப்பலகை. மற்ற இடமெல்லாம் ஐயாயிரத்துக்குக் குறையாமல் கேட்க, இங்கே நாளுக்கு 1,800. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாமர்த்தியமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

வாட்ஸ்அப்பில் பேசியவன் அவ்வளவு மரியாதை. கேட்காமலே ஆதார் படம் அனுப்பினான். "இன்னும் ரெண்டு குடும்பம் கேக்குது சார், உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றான். 5,000 அட்வான்ஸ் அனுப்பும்போது திரையில் வந்த பெயர் அந்த ஆதாரில் இருந்த பெயர் இல்லை. மேனேஜர் கணக்காக இருக்கும் என்று நானே அவனுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவன்கூட அதைச் சொல்லவில்லை! அப்புறம் டெபாசிட் 3,000, காலி செய்யும்போது திருப்பித் தருவானாம். அதையும் போட்டேன்.

மறுநாள் காலை, டெபாசிட் பதிவாகவில்லை, இந்த கியூஆரை ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கே திரும்பிவிடும், மறுபடி அனுப்புங்கள் என்றான். ஸ்கேன் செய்தேன், பின் நம்பர் கேட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவள் கேட்டாள்: "வர்ற பணத்துக்கு எதுக்குங்க பின் நம்பர்?"

முப்பத்தேழு வருஷம் கணக்குப் பிள்ளையாக இருந்தவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை பார். பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது, அவ்வளவுதான். வாங்குவதற்கு அது வேண்டியதே இல்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு ஊராக வர வர வயிறு கலங்கியது. நீலப்பலகையை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். வீடும் இருந்தது, காகிதப்பூவும் இருந்தது. வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்ததுமே, "ரூமா சார்? இது குடும்பம் இருக்கிற வீடு. நீங்க நாலாவது ஆளு" என்றார். உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார், பாவம். பிறகு மைத்துனன் மகன் அந்தப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தான். உள்ளே காட்டிய படுக்கையறை கோவாவில் உள்ள ஒரு ஓட்டலுடையது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் எட்டாயிரம் இல்லை, சேகர். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து நேரில் பார்த்துவிடக்கூடிய இடம். நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய், உன்னால் முடியாது. நான் இங்கேயே இருந்துகொண்டு ஈஸிசேரில் சாய்ந்தபடி பணம் போட்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் சைபர் மோசடியைப் புகார் செய்யும் 1930 எண்ணுக்குப் போன் செய்தேன். பணம் போன சூட்டோடு சொன்னால், அது கைமாறுவதற்குள் வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் சொல்வதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. புகார் எண் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம் இதே விஷயத்தை எச்சரித்திருந்தது. போலி இணையதளம், கூகுள் விளம்பரம், வாட்ஸ்அப் கணக்கு வைத்து கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டிலிருந்து தங்கும் அறை வரை ஏமாற்றுகிறார்களாம். சாமி கும்பிடப் போகிறவர்களையே விடவில்லை என்று படித்ததும், சொல்லக்கூடாது, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் ஆளும் நாளுக்கு 2,000 என்கிறான், அதுவும் அரையாண்டு லீவில். படத்தில் தெருப்பெயர் எதுவும் இல்லை என்கிறாய். வீடியோ காலில் வாசலிலிருந்து உள்ளே வரை நடந்து காட்டச் சொல். நெட் சரியில்லை, சாவி அண்ணனிடம் இருக்கிறது என்று ஏதாவது சொன்னான் என்றால் விட்டுவிடு. காட்டினாலும் பணம் போடாதே, முகவரியை எனக்கு அனுப்பு. வியாழக்கிழமை கண் டாக்டரைப் பார்க்க எப்படியும் பாண்டி போகிறேன். கதவைத் தட்டிப் பார்க்கிறேன். வீடு நிஜம் என்றால் கையிலேயே காசு கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன், நீ வந்ததும் எனக்குக் கொடு.

இல்லையென்றால் எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது. சில்வர் பீச் ஆட்டோவில் பத்து நிமிஷம், பாண்டிக்கு நினைத்தபோதெல்லாம் பஸ். பேத்தி மீன் சாப்பிடுவாளா என்று மட்டும் தங்கச்சியிடம் கேட்டு எழுது.

உன்
ராமு