வசந்தி, ரெண்டு பேரும் வந்திருச்சு

வசந்தி,

எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. நீ தினம் அனுப்புற குட்மார்னிங் பூவுக்கு பதில் பூ அனுப்புனதோட சரி. கோவமாத்தான் இருப்ப, இரு. முழங்கால் எப்டி இருக்கு? அண்ணன் சக்கரைய கொறச்சாரா இல்ல இன்னும் உனக்குத் தெரியாம அல்வாக் கடைப் பக்கம் நடைப் பயிற்சி போறாரா? நான் நல்லாருக்கேன், குளிரு போயிருச்சு. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன வியாழக்கிழமை மதியம் தபால் பெட்டியில ஒரு கவர் கெடந்துச்சு. மருமகளோட கிரீன் கார்டு. நான்தான் எடுத்தேன், பிரிக்கல, அவ வேலையிலருந்து வர்ற வரைக்கும் சாமி படத்துக்கிட்ட வச்சிருந்தேன். வந்தா, பிரிச்சா, போட்டோவ பாக்கல, தேதிய பாக்கல, சர்நேம்னு போட்ட எடத்துல வெரல வச்சா. ரெண்டு பேரும் இருந்துச்சு, அப்பா வீட்டுப் பேரும் அம்மா வீட்டுப் பேரும், வரிசை மாறாம. அப்டியே அடுப்படி தரையில உக்காந்து அழுதுட்டாடி, ஏழு மாச வயித்தோட. நானும் கூட உக்காந்து அழுதேன். எந்திரிக்கத்தான் ரெண்டு பேருக்கும் பெரியவன் வர வேண்டியதாப் போச்சு.

ஒரு பேருக்காடி இவ்ளோன்னு கேப்ப. கேளு, மொதல்லருந்து சொல்றேன்.

அவ மெக்சிகோல புவேப்லான்ற ஊரு. அங்க யாருக்குமே குடும்பப் பேரு ஒண்ணு கெடையாது, ரெண்டு. அவ பேர அப்படியே எழுதல, அங்க ரொம்ப சாதாரணமான பேரா போட்டு சொல்றேன், மரியா எலேனா லோப்பஸ் கார்சியான்னு வையி. மரியா எலேனா அவளுக்கு வச்ச பேரு. லோப்பஸ் அவ அப்பாவோட மொத சர்நேம், கார்சியா அவ அம்மாவோட மொத சர்நேம். ரெண்டும் சேந்தாத்தான் அவளோட சர்நேம், ஒண்ண எடுத்துட்டா அது வேற ஆளு. ஸ்பெயின்லருந்து வந்த பழக்கம், அந்த பாஷை பேசுற நாட்ல பெரும்பாலும் இப்டித்தான். உன் சின்னவன் டீஷர்ட்ல போட்டுட்டுத் திரிவானே சே குவேரா, அதுல குவேரா அப்பா வீட்டுப் பேரு, அம்மா வீட்டுப் பேரு தெ லா செர்னா. பிக்காசோன்னு நாம சொல்றோமே ஓவியரு, அது அவரு அம்மா வீட்டுப் பேருடி, அப்பா பேரு ரூயிஸ். 2024ல மெக்சிகோ ஜனாதிபதியா வந்தாங்களே ஒரு அம்மா, கிளாவ்தியா ஷேன்பாம் பார்தோ, அதுலயும் ஷேன்பாம் அப்பா, பார்தோ அம்மா.

கல்யாணம் ஆனா மாத்தவும் மாட்டாங்க. சம்பந்தியம்மாவுக்கு கல்யாணமாகி 35 வருஷம் ஆச்சு, அடையாள அட்டை, ஓட்டு, பேங்க் எல்லாத்துலயும் பொறந்த வீட்டு ரெண்டு பேருதான். அப்ப அப்பா, அம்மா, புள்ள மூணு பேரோட சர்நேமையும் பக்கத்துல வச்சுப் பாரு, மூணும் மூணு விதமா இருக்கும். அவங்க ஊர்ல அதப் பாத்த உடனே சொல்லிருவாங்க, லோப்பஸும் கார்சியாவும் கட்டிக்கிட்டதுல பொறந்த புள்ளன்னு. இங்க அதப் பாத்தா இவங்க எப்டி ஒரே குடும்பம்னு கேக்குறாங்க. சம்பந்தியம்மா மொத தடவ வந்தப்ப ஏர்போர்ட்ல உங்க மக பேரு ஏன் வேற மாதிரி இருக்குன்னு கேட்டு, அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கையால படம் வரஞ்சு காட்டுனாங்களாம்.

இப்ப அமெரிக்க ஃபார்முக்கு வா. மூணு கட்டம். ஃபேமிலி நேம், கிவன் நேம், மிடில் நேம். இவ படிக்க வந்தப்ப விசா ஃபார்ம்ல சர்நேம்ஸ்னு பன்மையில இருந்துச்சு, ரெண்டையும் போட்டா, விசா சரியா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாம். மொதமொதல்ல லைசன்ஸ் எடுத்த எடத்துல கடைசி வார்த்தைதான் லாஸ்ட் நேம்னு கார்சியாவ மட்டும் அங்க போட்டு, லோப்பஸ மிடில் நேம்ல தள்ளிட்டாங்க. காலேஜ்ல நடுவுல கோடு போட்டு ரெண்டையும் ஒட்டுனாங்க. பேங்க்ல மிடில் நேமுக்கு வெறும் எல். கல்யாணத்தப் பதிஞ்ச எடத்துல எல்லும் போச்சு, மரியா கார்சியா. வாயத் தொறந்து சொன்னாளாம், இது எங்க அம்மா வீட்டுப் பேரு மட்டும், எங்க அப்பா எங்கன்னு. சிஸ்டம் எடுக்கலம்மான்னுட்டாங்க.

நம்ம பெரியவன் பண்ணதுதான் எனக்கு இன்னும் ஆறல. கிரீன் கார்டுக்கு ஐ-130, ஐ-485னு ரெண்டு ஃபார்மையும் சேத்துப் போடுறப்ப கல்யாண சர்டிஃபிகேட்ல எப்டி இருக்கோ அப்டியே இருக்கட்டும்னு கார்சியாவ மட்டும் ஃபேமிலி நேம்ல அடிச்சுட்டான். கட்டுன பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துருக்கா, ஒரு வார்த்த கேக்கல. போன பிப்ரவரியில குடியேற்ற ஆபீஸ்லருந்து லெட்டர் வந்துச்சு, பாஸ்போர்ட்ல இருக்குற ஆளும் கல்யாண சர்டிஃபிகேட்ல இருக்குற ஆளும் ஒண்ணுதான்னு ஆதாரம் குடுங்க, 84 நாள் டைம். அன்னைக்கி ராத்திரி வீட்ல யாரும் சாப்பிடல. அவ சொன்னா, "அம்மா, என்னைய நானே யாருன்னு நிரூபிக்கணுமா?"

அப்பதான் நான் கண்ணாடிய மாட்டுனேன். 31 வருஷம் தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிஃபிகேட் பாத்தவ வசந்தி நான். ராமசாமிங்கிற ராமன்னு எத்தன பேருக்கு விசாரிச்சு எழுதிருப்போம், நம்ம ஹெட் கிளார்க் சார் "பேரு தப்பா இருந்தா பொணத்துக்கும் பங்கு கெடைக்காது"ன்னு கத்துவாரே, ஞாபகம் இருக்கா. ஒரு நோட்டு எடுத்தேன், கோடு போட்டேன். இந்தப் பக்கம் என்ன ஆவணம், நடுவுல அதுல பேரு எழுத்துக்கு எழுத்து எப்டி இருக்கு, கடைசியில எந்த வருஷம். ஏழு ஆவணத்துல அஞ்சு விதமான பேரு!

எது மூலம்னு முடிவு பண்ணணும்ல. பாஸ்போர்ட்டோட கீழ ரெண்டு வரி இருக்கும் பாத்திருக்கியா, மெஷின் படிக்கிறதுக்கு, வரிக்கு 44 எழுத்து. அதுல அம்புக்குறி மாதிரி நெறைய இருக்கும். அது சும்மா இல்ல. ரெண்டு அம்பு சேந்து வந்தா அதுக்கு முன்னாடி இருக்குறது எல்லாம் சர்நேம், பின்னாடி இருக்குறது எல்லாம் வச்ச பேரு. ஒத்த அம்பு வந்தா வார்த்தைக்கு நடுவுல எடவெளி, அவ்ளோதான். அவளோடதுல லோப்பஸ், ஒத்த அம்பு, கார்சியா, ரெட்ட அம்பு, மரியா, ஒத்த அம்பு, எலேனா. ரெண்டும் சர்நேம்தான்னு அவ நாட்டு அரசாங்கமே அச்சடிச்சுக் குடுத்துருக்கு, அத இத்தன நாளா யாரும் படிக்கல. பென்சில்ல வட்டம் போட்டு நகல் எடுத்தேன்.

அப்புறம் அவங்க ஊரு அடையாள நம்பர். குர்ப்னு சொல்றாங்க, 18 எழுத்து. அது நம்ம ஆதார் மாதிரி வெறும் நம்பர் இல்லடி, பேருலருந்தே கட்டுறாங்க. அப்பா சர்நேம்லருந்து மொத எழுத்தும் ஒரு உயிரெழுத்தும், அம்மா சர்நேம்லருந்து ஒரு எழுத்து, வச்ச பேருலருந்து ஒரு எழுத்து, அப்புறம் பொறந்த தேதி, ஆணா பொண்ணா, எந்த மாநிலம். அம்மா சர்நேம் இல்லாதவங்களுக்கு அந்த எடத்துல எக்ஸ் போட்ருவாங்க. இவளோடத எழுத்து எழுத்தா பிரிச்சு எழுதுனேன், அப்பாவும் அம்மாவும் அதுக்குள்ளயே இருக்காங்க. பொறப்பு சர்டிஃபிகேட்ல தாத்தா பாட்டி நாலு பேரோட பேரும் இருந்துச்சு, ரெண்டு சர்நேமும் எங்கருந்து வந்துச்சுன்னு அதுலயே தெரியும். அத இங்கிலீஷ்ல முழுசா மொழிபெயர்த்து, பெயர்த்தவங்க இது முழுசு, சரி, எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். அவளோட படிச்ச ஒரு பொண்ணு செஞ்சு குடுத்துச்சு.

வேற பேர் பயன்படுத்திருக்கீங்களான்னு ஃபார்ம்ல ஒரு பகுதி இருக்கு. எல்லாரும் அத காலியா விடுறாங்க, நாம ஏன் வேற பேர் வைக்கப் போறோம்னு. அங்கதான் தப்பு. யாரு எப்டித் தப்பா அடிச்சிருந்தாலும், கோடு போட்டது, எல் போட்டது, கார்சியா மட்டும் போட்டது, எல்லாத்தையும் அங்க எழுதணும். எழுதிட்டா அதெல்லாம் ஒரே ஆளோட நெழலு. எழுதலன்னா ஒவ்வொண்ணும் தனி ஆளு. திருத்துன பக்கமும் என்னோட பட்டியலும் வச்சு 40 நாள்லயே அனுப்பிட்டோம். நேர்ல கூப்ட்டப்ப அந்த ஆபீசர் அம்மா பட்டியல எடுத்துப் பாத்து, யாரு தயார் பண்ணதுன்னு கேட்டாங்களாம். மாமியார்னு சொன்னாளாம். இந்த ஒரு விஷயத்த மட்டும் நம்ம கணக்கு டீச்சர் உசுரோட இருந்தா போய் சொல்லணும் போல இருக்கு.

நடுவுல பெரியவன் ஒரு யோசன சொன்னான், பேசாம நடுவுல கோடு போட்டு ஒட்டிருவோம், இங்க நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்க, அப்புறம் யாரும் பிரிக்க மாட்டாங்கன்னு. பிரிக்க மாட்டாங்கதான். ஆனா பொறப்பு சர்டிஃபிகேட்ல கோடு இல்லையே, காலேஜ்ல பண்ண தப்ப நாமளும் பண்ணணுமான்னு அவ கேட்டா. நான் அவ பக்கம்.

உங்க அக்கா பொண்ணு பார்சிலோனால இருக்கால்ல, அவகிட்டயும் சொல்லி வையி. ஸ்பெயின்ல தலைகீழ் பிரச்சனை. குடியுரிமை குடுக்குறப்ப ரெண்டு சர்நேம் வேணும்னு கேப்பாங்க, ரெண்டாவதுக்கு அம்மாவோட கல்யாணத்துக்கு முந்துன குடும்பப் பேரு. நம்ம அம்மாங்களுக்கு ஏதுடி குடும்பப் பேரு, ஒரு இனிஷியல்தான். அவங்க அம்மாவோட பொறப்பு சர்டிஃபிகேட் இப்பவே தயாரா வச்சுக்கட்டும், நமக்கு அங்க பொதுவா 10 வருஷம் ஆகும், லத்தீன் அமெரிக்காக்காரங்களுக்கு 2 வருஷம்தான். இன்னொண்ணு, பிரேசில், போர்ச்சுகல்காரங்களுக்கு வழக்கமா அம்மா பேரு முன்னாடி, அப்பா பேரு கடைசி. மருமகளோட வேல பாக்குற பிரேசில் பொண்ணுக்கு அதனாலயே லைசன்ஸ்ல ஒரு பிரச்சனையும் வரல. வரிசை மாறுனதுக்கு எவ்ளோ வித்தியாசம் பாரு.

சரி, இப்ப சொல்லப் போறதுதான் நான் உனக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம்.

போன மாசம் ஸ்கேனுக்குப் போயிருந்தோம். வெளிய வந்து கூப்ட்டாங்க, இவ பேர இல்ல, புருசன் யாருன்னு பாத்து அவனோட லாஸ்ட் நேம. அது அவங்க பேருடி. எங்க வீட்டுக்காரரு பேரு. ஒம்பது வருஷமாச்சு அந்தப் பேர யாராவது சத்தமா கூப்ட்டுக் கேட்டு. பெரியவன் சாதாரணமா எந்திரிச்சு உள்ள போறான், எனக்கு நெஞ்சு அடச்சுருச்சு. மருமக என் கையப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் கேட்டா, "உங்க அப்பா பேரு என்னம்மா?" சொன்னேன். "புவேப்லால பொறந்திருந்தா உங்க மகனுக்கு ரெண்டாவது பேரு அதுவாத்தான இருக்கும்"னா.

ரெண்டு நாள் தூக்கமில்ல வசந்தி. எங்க அப்பா சண்முகம் என்னைய சைக்கிள்ல வச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு வந்து விடுவாருல்ல, நீ பாத்திருக்க. கல்யாணத்தன்னைக்கி அந்த எஸ்ஸ எடுத்துட்டு வேற எழுத்து போட்டேன், ஒருத்தரும் வருத்தப்படல, நானும் படல. இன்னைக்கி என் பேர எங்க பாத்தாலும் நான் அவரு பொண்ணுன்னு தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. புக்குல இருந்துச்சு, அது வீட்ல தண்ணி வந்தப்ப போயிருச்சு. அந்தப் பொண்ணு ஏழு மாசமா அவ அப்பா பேருக்காக சண்ட போட்டா, நான் நோட்டுல கோடு போட்டுக் குடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் கூட எனக்குத் தோணல.

பொறக்கப் போற புள்ளைக்கு அவங்க பேரும், மருமகளோட அப்பா வீட்டுப் பேரும், ரெண்டும் சர்நேம்ல வைக்கிறதா முடிவாயிருச்சு. ஆஸ்பத்திரில அந்தத் தாள நிரப்புறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்.

என் விஷயம்தான் உங்கிட்ட கேக்கணும். அடுத்த வருஷம் எனக்கு கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் முடியுது, குடியுரிமைக்கு என்-400 ஃபார்ம் போடலாம். அதுல சட்டப்படி பேர மாத்திக்கணுமான்னு ஒரு கேள்வி இருக்கு, ஆமான்னா கோர்ட்டு வழியா மாத்தித் தருவாங்க. என் பேரு, அப்பா பேரு, அவங்க பேருன்னு வரிசையா வைக்கலாம்னு ஆசை. ஆனா பென்ஷன்? நீ கருவூலத்துல இருந்தவ, உண்மையச் சொல்லு. வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சர்டிஃபிகேட் குடுக்குறப்ப பேரு ஒத்து வரலன்னா நிறுத்திருவாங்களா, கெஜட்ல போட்டா போதுமா, எத்தன மாசம் இழுக்கும்? அஞ்சு பேரோட ஒருத்தி பட்ட பாட்டப் பாத்துட்டேன், பயமாவும் இருக்கு. பெரியவன்கிட்ட இன்னும் சொல்லல. மருமகளுக்கு மட்டும் தெரியும்.

இன்னொரு உதவி. உன் தகரப் பெட்டிய தொற. 1988ல என் கல்யாணப் பத்திரிகை, ஒரு பக்கம் இங்கிலீஷ்ல அடிச்சது, நீ தூக்கிப் போட்ருக்க மாட்ட, எதத்தான் போட்ருக்க. அதுல அப்பா பேரு எஸ்ல ஆரம்பிக்குதா எஸ்-ஹெச்லயான்னு பாரு. கடைசியில யூ-எம்மா ஏ-எம்மான்னும் பாரு. போட்டோ புடிச்சு அனுப்பு, நெழல் விழாம, எழுத்து தெரியுற மாதிரி.

கருவேப்பில தொட்டியில நல்லா வந்திருச்சு. அண்ணன கேட்டேன்னு சொல்லு.

உன்
கமலா