'வந்து' சும்மா வருவதில்லை

ஆசிரியருக்கு,

பேச்சில் 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா' என்று இழுப்பவர்களைப் பலரும் கிண்டல் செய்கிறார்கள். மேடையில் என்றால் அந்தக் கிண்டல் சரி. வீட்டுப் பேச்சில் இவை வேலை பார்க்கின்றன. கடன் கேட்க வந்தவர் "அது வந்து... எப்படிச் சொல்றது..." என்று தொடங்கும்போதே விஷயம் புரிந்துவிடும், பதிலை யோசிக்க நமக்கும் நேரம் கிடைக்கும். தொலைபேசியில் "அப்புறம்?" என்று ஏற்றிக் கேட்டால் இன்னும் பேசு என்று பொருள். "சரி, அப்புறம்..." என்று இறக்கினால் வைத்துவிடு என்று பொருள். (என் தங்கைக்கு இந்த இரண்டாவது மட்டும் காதில் விழுந்ததே இல்லை.) தனிப்பொருள் இல்லாமல் செய்யுளில் வரும் 'அரோ', 'மாது' போன்ற சொற்களுக்கே அசைநிலை என்று பெயரிட்டு, இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில் இடம் தந்திருக்கிறது தொல்காப்பியம். எனக்கு எரிச்சல் ஒன்றில்தான்: வரிக்கு வரி "நான் சொல்றது புரியுதா?" என்பவர்கள். புரிகிறது ஐயா, மேலே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்