மன்றோ சிலை அருகே சாலையைக் கடக்க வழி கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: சிந்தாதிரிப்பேட்டை வட்டாரக் குடியிருப்போர்

பெறுநர்: சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் அவர்கள், சென்னை

பொருள்: அண்ணா சாலை மன்றோ சிலை அருகே பாதசாரிகள் கடக்கும் வசதி – முந்தைய மனுக்களின் தொடர்ச்சி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பும் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது எண் வந்தது, பதில் வரவில்லை. ஆன்லைனில் பார்த்தால் 'தீர்வு காணப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். என்ன தீர்வு, யார் கண்டார்கள் என்று தெரிந்தால் நாங்களும் சந்தோஷப்படுவோம்.

1. இடம் தாங்கள் அறிந்ததே. தீவுத்திடல் பக்கம், நடுரோட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோ.

2. சிலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. கடக்கும் இடத்தில் இருந்த வெள்ளைக் கோடு தேய்ந்து போய், இருந்த இடமே தெரியவில்லை. நடப்பவர்களுக்கென்று சிக்னல் ஒன்றும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஓடி நடுவில் வந்து நின்றால், அடுத்த பக்கம் எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது, அதற்குள் பின்னால் ஒரு பைக் உரசிக்கொண்டு போகும். பொருட்காட்சி நாட்களில் வந்து பாருங்கள் ஐயா, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, அப்பளமும் பலூனும் வேறு, அந்தப் பெண்கள் எப்படி ஓடுவார்கள்? முழங்கால் வலிக்காரர்கள் பாதியில் திரும்பி விடுகிறார்கள். ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர் நிற்கும், அதனால் நடப்பவர்கள் இன்னும் உள்ளே தள்ளி, வண்டிகளுக்கு நடுவில் நடக்கிறார்கள். யாராவது அடிபட்ட பிறகுதான் கோடு போடுவீர்களா?

3. கேட்டால் இது எங்கள் வேலை இல்லை, அடுத்த துறை என்கிறார்கள். அடுத்த துறையில் கேட்டால் தங்கள் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். சாலை எல்லாருக்கும் பொது, கோடு போடுவது மட்டும் யாருக்கும் சொந்தமில்லை போல!

4. சிலையைப் பார்க்க வரும் மாணவர்களுக்கும் இதே கதிதான். சான்ட்ரி என்ற சிற்பி லண்டனில் செய்து, கப்பலில் வந்து, 1839-ல் நிறுத்தப்பட்ட சிலை. குதிரையில் சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) இல்லை என்பார்கள், கிட்டப் போய்ப் பார்க்க வழி இருந்தால்தானே சரிபார்க்க முடியும்? மன்றோ 1820 முதல் 1827 வரை கவர்னர், விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைப் பரவலாக்கியவர், 1822-லேயே நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலித்த துரைதான், மாலை போடச் சொல்லவில்லை. ஆனால் யார், என்ன என்று தமிழில் படிக்கிற மாதிரி ஒரு பலகை வையுங்கள். அது அப்புறம் கூட ஆகட்டும். முதலில் கோடும் சிக்னலும்.

5. கோடும் சிக்னலும். வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை, மேம்பாலம் கேட்கவில்லை.

ஐயா, மன்றோ சுற்றுப்பயணம் போன இடத்தில், இன்றைய ஆந்திராவில் இருக்கும் பட்டிகொண்டாவில் காலரா வந்து இறந்தார். தாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேல் காரை விட்டு இறங்கி, பல்லவன் சாலைப் பக்கமிருந்து தீவுத்திடலுக்கு நடந்தே ஒருமுறை கடந்து பாருங்கள், நாங்களும் கூட வருகிறோம். பொருட்காட்சி தொடங்குமுன் கோடு போட்டு, நடப்பவர்களுக்குச் சிக்னல் வைத்துத் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த முறை ரசீது எண்ணோடு நிறுத்தாமல் எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
வட்டாரக் குடியிருப்போர்
(கையெழுத்துகள் தனித்தாளில்)