ஏரிக் கட்டுரைகளுக்கு ஒரு முகவரி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஏரிப் பாசனம் பற்றி நீ பல ஆண்டுகளாக எழுதிவந்த பக்கத்தை அந்தச் சமூக ஊடக நிறுவனம் காரணம் சொல்லாமல் முடக்கி, பிறகு காரணம் சொல்லாமலே திறந்துவிட்டதையும் குறிப்பிட்டு, உன் மகன் சொல்லும் மையமற்ற இணையம், அதாவது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பலர் தனித்தனியே நடத்தும் இணையம், இதற்கு மாற்றாகுமா என்று கேட்டிருந்தாய்.

வலை தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த அதன் மென்பொருளை, 1993 ஏப்ரலில் செர்ன் பொதுச் சொத்தாக்கியது. அதனால் யார் வேண்டுமானாலும் எவரையும் கேட்காமல் ஒரு சர்வரை, அதாவது பக்கங்களைச் சேமித்துக் கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினியை, நிறுவித் தம் பக்கத்தை வைக்க முடிந்தது. மின்னஞ்சல் அதற்கும் மூத்தது. உன் முகவரி ஒரு நிறுவனத்திலும் என் முகவரி வேறொரு நிறுவனத்திலும் இருந்தும் நாம் எழுதிக்கொள்ள முடிவதற்கு, கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ள இரு பக்கமும் ஒப்புக்கொண்ட விதிகள், அதாவது பொது நெறிமுறையே காரணம். இன்றைய சமூக ஊடகத் தளங்களில் அந்தப் பொது நெறிமுறைதான் இல்லை. எழுதுவதும், படிப்பதும், யாருக்கு எது முதலில் தெரியவேண்டும் என்று தீர்மானிப்பதும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கின்றன. 2022 அக்டோபரில் ட்விட்டர் 4,400 கோடி டாலருக்குக் கைமாறியது. 2023 ஜனவரியில், பிறர் அதற்காக உருவாக்கிப் பல்லாண்டு நடத்திவந்த ட்வீட்பாட் போன்ற செயலிகள், உருவாக்கியவர்களுக்கு முன்னறிவிப்புகூட இல்லாமல் துண்டிக்கப்பட்டன.

மாஸ்டடான் என்னும் சமூக ஊடகம் இதற்கு நேரெதிர். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட அந்த மென்பொருளைக் கொண்டு தனித்தனிக் குழுக்கள் தத்தம் சர்வர்களை நடத்துகின்றன. 2018-இல், வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்ற ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை அவற்றை இணைக்கிறது. உன் சர்வரின் நிர்வாகம் பிடிக்கவில்லையென்றால், புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்பில் பழைய முகவரியைக் குறிப்பிட்டுவிட்டு, பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்கவேண்டும். உன்னைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய முகவரிக்கு வந்துவிடுவார்கள். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி வந்தது நினைவிருக்கும். இதுவும் ஏறக்குறைய அதுதான். ஏறக்குறைய என்பதற்குக் காரணம், இங்கே முகவரி மாறுகிறது, பழைய பதிவுகளும் உடன் வருவதில்லை. என் கணிப்பில் இரண்டு இணையங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, வாசகர்களை இழக்காமல் வெளியேற முடியுமா என்பதுதான். தணிக்கை, விளம்பரம் பற்றிய சச்சரவுகளெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

உன் மகன் சொல்லாமல் விட்ட சங்கடங்களும் உண்டு. சர்வரை நடத்துபவர் பெரும்பாலும் தன்னார்வலர். செலவும், வசைகளை நீக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா போன்ற வசதியான அமைப்பே தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய முகவரிப் பின்னொட்டில் (.af) பெயர் பதிந்திருந்த ஒரு மாஸ்டடான் சர்வர் அந்தப் பெயரைத் தாலிபான் அரசிடம் இழந்தது. பெயருக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார் பார். மின்னஞ்சலிலும், சொந்தமாகச் சர்வர் நடத்துபவரின் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் எரிதக் (ஸ்பேம்) கோப்புறையில் தள்ளிவிடுவதால், பெரும்பாலோர் சில நிறுவனங்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டோம். நெறிமுறை திறந்திருந்தால் மட்டும் மையம் உருவாகாது என்று நான் நம்பவில்லை.

ஆகவே, உன் கட்டுரைகளை நேராக மாஸ்டடானில் கொண்டுபோய்க் கொட்டவேண்டாம். நீ இப்போது எழுதும் தளத்தின் அமைப்புப் பகுதியில் உன் தரவை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார். இருந்தால், பக்கம் திறந்திருக்கும்போதே முழுப் பிரதியையும் எடுத்துக்கொள். மதகுகளின் மூலப் படங்களைத் தனியே சேமித்து வை. பிறகு உன் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், பதிந்து, வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் அமைத்து, ஆக்டிவிட்டிபப் செருகுநிரலை (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) சேர்த்துவிட்டால், மாஸ்டடானில் இருப்பவர்கள் உன் தளத்தையே நேரடியாகப் பின்தொடரலாம். வாசகர்கள் இப்போது இருக்கும் பக்கத்திலும் சுட்டியைப் பகிர்ந்துகொண்டே இரு. புதிய இடத்தில் கூட்டம் சேர நாளாகும். டொமைனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதை மட்டும் முடிவுசெய்து எழுது. மற்ற வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
இராமநாதன்