செயலாளரின் ஆண்டறிக்கை: பீட் வரிசையும் நிலுவைச் சந்தாவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிளாஸ்கோவில் இயங்கும் நமது சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் பார்லி மால்ட்டிலிருந்து வடித்த விஸ்கி) சுவைக்குழுவின் சென்ற ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பொங்கல் சந்திப்பு வழக்கம்போல் நடந்தது. கோடை விருந்து மழையால் மண்டபத்துக்குள் நடந்தது. தணிக்கையாளர் மாற்றமில்லை.

ஆண்டின் பெரிய வேலை, நான் முன்மொழிந்த பீட் வரிசை, அதாவது பீட் என்னும் சதுப்பு மண்ணின் புகையேறிய விஸ்கிகளை மாலைதோறும் சுவைப்பது. முதல் மாலையிலேயே ‘டிங்சர் வாடை’ என்று கிளாஸைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. அந்த வாடை குறையல்ல, வேண்டுமென்றே வரவழைப்பது. முளைகட்டிய பார்லியில் ஈரம் இருக்கும்போதே அடியில் பீட்டை எரித்துப் புகை காட்டுகிறார்கள். பாசியும் செடிகொடியும் சதுப்பில் மக்கி உண்டான மண்தான் பீட். அதன் புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் கிரெசால் மருந்து வாடையையும் குவாயாகால் விறகுப்புகை மணத்தையும் தருகின்றன. இரண்டாவது மடக்கில்தான் நாக்கு புகையைத் தாண்டி பார்லியின் இனிப்பைப் பிடிக்கும். அதுவரை பொறுத்தவர்கள் பிறகு வேறு எதையும் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் நிறைவளித்தது, கலீலா 12 ஆண்டு, லகவூலின் 16 ஆண்டு விஸ்கிகள் இரண்டையும் பெயர் மறைத்து ஊற்றிய மாலை. இரண்டும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு, இரண்டும் 43 சதவீத ஆல்கஹால், இரண்டுக்கும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு புகையூட்டிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போகிறது. ஆனால் லகவூலினில்தான் பீட் இரு மடங்கு என்று பலர் அடித்துச் சொன்னார்கள். வித்தியாசம் சரக்கை வடிக்கும் செம்புப் பாத்திரமான வாலையில் இருக்கிறது. லகவூலினில் வாலையை நிரப்பி மெதுவாக வடிக்கிறார்கள். கலீலாவில் ஆவி செம்போடு உரச இடம் அதிகம், சரக்கும் லேசாக வருகிறது. பீப்பாயும் வயதும் மீதியைச் செய்கின்றன.

பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற அளவு) எண் பெரிதாக இருக்கிறது, புகை மிகுந்த ஆக்டோமோர் விஸ்கியை வாங்குங்கள் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். அந்த எண் மால்ட்டில் அளப்பது, பாட்டிலில் அல்ல. நொதித்து வடிப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் விடலாமா என்ற பழைய சண்டைக்கும் ஒரு வார்த்தை: தண்ணீர் சேர்த்தால் குவாயாகால் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். ஆகவே சில சொட்டு விடுங்கள். ஐஸ் வேண்டாம், மணத்தை அமுக்கிவிடும்.

இனி வருத்தமான விஷயம். விலை உயர்ந்த பாட்டில் திறக்கும் மாலையில் நாற்காலி போதவில்லை. மற்ற மாலைகளில் பாதி காலி. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களால் பாட்டில் பாதியில் நின்றுவிடுகிறது. திறந்து பாதியான பாட்டிலில் பீட் புகை மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துபோகும். அடுத்தவருக்குக் கிடைப்பது மங்கிய சரக்கு. கார் ஓட்ட வேண்டும் என்ற காரணத்தை மதிக்கிறேன். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கான மது வரம்பு கடுமையானதுதான். அதனால்தான் கூட்டத்தை ரயில் நிலையத்துக்கு அருகில் மாற்றினோம், துப்பும் கோப்பையும் வைத்தோம். அப்புறமும் வராதது நியாயமில்லை.

சந்தா பாக்கி நிறைய. நினைவூட்டல்களைப் படித்த அடையாளம் தெரிகிறது, பணம் வரவில்லை. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம் என்று பொருளாளர் சொல்கிறார். இடைவெளியை நிர்வாகிகள் சிலர் கைக்காசு போட்டு அடைத்தோம். ஒழுங்காகக் கட்டியவர்கள் மற்றவர்களின் கிளாஸுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

பொருளாளர், மண்டபப் பொறுப்பாளர், கிளாஸ் கழுவ நின்ற இளைஞர்கள், சுண்டலும் மீன் வறுவலும் கொண்டுவந்த குடும்பங்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஐலாவுக்கே போக ஆசை. தரையில் பார்லியைப் பரப்பி முளைகட்டும் பழைய முறையை அங்குள்ள லஃப்ராய்க், பௌமோர் ஆலைகளில் இன்னமும் கண்ணால் பார்க்கலாம். மே கடைசியில் அங்கு விஸ்கி, இசைத் திருவிழா, அறை கிடைப்பது கடினம். செப்டம்பர் சரியாக இருக்கும். கென்னக்ரெய்க் துறையிலிருந்து ஐலாவுக்குப் போகும் படகுக்கும் தங்குமிடத்துக்கும் முன்பணம் தேவை, அது சங்கக் கணக்கில் இன்று இல்லை. நிலுவை வந்து சேர்ந்த அன்றே பதிவு செய்துவிடுவேன். செயலாளராகத் தொடரவும் தயார். தொகையைப் பொருளாளரிடம் இம்மாத இறுதிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்