சில்லுக் கோடு

அன்புள்ள சிநேகிதிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வகுப்பில் தினமும் தண்ணீரைக் கொட்டிவிடும் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதே அச்சில் ஒருவன் போன வாரம் என்னிடம் சோதனைக்கு வந்தான். எட்டு வயது. சட்டையின் மேல் பொத்தான் இரண்டாம் துளையில் மாட்டியிருந்தது. "சுத்த சோம்பேறி மேடம்" என்றார் அப்பா, அவன் காதில் விழும்படியே.

பிள்ளைகளின் கைகால் அசைவுத் திறனை அளக்கும் எம்ஏபிசி சோதனைப் பெட்டியைத் திறந்தேன். முதலில் பலகைத் துளைகளில் முளைகளைச் செருக வேண்டும். நான் நேரம் குறிப்பேன். வலது கை செருகச் செருக, பலகையைப் பிடித்திருந்த இடது கை விரல்களும் கூடவே எதையோ கிள்ளிக்கொண்டிருந்தன. நாக்கு கடைவாயில். சோம்பேறி இவ்வளவு பாடுபடுவானா, சொல்! சுவரில் எறிந்த பந்தைப் பிடிப்பதில் பத்துக்கு இரண்டு. மொத்தத்தில், அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் கடைசி ஐவரில் ஒருவன்.

அந்த நூறு பேர் பிரிட்டன் பிள்ளைகள் என்பதுதான் எனக்கு உறுத்தல். கயிறு கோக்கும் சோதனையில் தடுமாறினான். ஆனால் ஒட்டுப்பட்டை ஷூ போடுகிறவன் கயிற்றை எங்கே பார்த்தான்? பழக்கம் இல்லாததையும் கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அதனால் வாசலில் சாக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டி ஆடச் சொன்னேன். தெருவில் தினமும் ஆடுகிற ஆட்டமாம். மூன்றாம் கட்டத்தில் இரண்டு காலும் தரையில். பத்து முறை ஆடியும் அப்படியே.

அம்மாவைத் தனியே கேட்டேன். சோறு பிசைவது, டிபன் டப்பா திறப்பது எல்லாமே சிறு வயதிலிருந்தே போராட்டம். கண்ணிலும் நரம்பிலும் கோளாறு இல்லை என்று குழந்தை மருத்துவர் எழுதித் தந்த பிறகுதான் 'இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு', அதாவது கைகால் அசைவுகளை ஒத்திசைத்துச் செய்வதில் உள்ள சிரமம், என்ற பேச்சையே எடுப்பேன். ஐந்திலிருந்து பதினொரு வயதுக்குள் 5 முதல் 6 சதவீதப் பிள்ளைகளுக்கு இது உண்டு. உன் நாற்பது பேரில் இரண்டு பேர் இருக்கலாம். கையெழுத்தை மட்டும் பார்க்காதே. விளையாட்டு வகுப்புக்கு மணி அடித்ததும் யார் ஒதுங்குகிறான் என்று பார்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் பல்லாங்குழி கிடந்ததே, இவன் விரல்களுக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும், வரும்போது எடுத்து வா. சோழி தொலைந்திருந்தால் புளியங்கொட்டை போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நொண்டிக் கூட்டாளி